தமிழ்99: விசைகள் குறைந்த கதை

கணினியில் தமிழை உள்ளிடத் தமிழக அரசு 1999இல் ஏற்ற விசைப்பலகை தமிழ்99. அதன் கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. தமிழில் எழுத்துகள் 247. தட்டச்சுப்பொறியின் விசைகளோ ஐம்பதுக்குள் அடங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா சென்ற ஆர். முத்தையா இந்த இடுக்கில்தான் தமிழுக்குப் பொறி வகுத்தார். அது பெரும் சாதனை. ஆயினும் அந்த அமைப்பு கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைப் பின்பற்றியது. உயிருக்கு ஒரு விசை, அதன் குறிக்கு வேறொரு விசை; உகர, ஊகார வடிவங்கள் பலவற்றுக்குத் தனி விசைகள். 'தொ' எழுதக் கொம்பு, தகரம், கால் என மூன்று தட்டு.

கணினி வந்தபோது இரும்பு அச்சின் கட்டுப்பாடு நீங்கியது. பழைய அமைப்பு நீங்கவில்லை. 1990களில் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு குறியீடும் விசைமுறையும் வகுத்தனர். ஒரு மென்பொருளில் எழுதியது இன்னொன்றில் புரியாக் குறிகளாகத் தெரிந்தது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாட்டை அடுத்து, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 கூடியது. பொது விசைப்பலகைக்கு வழி திறந்தது இங்கேதான்.

தமிழ்99இன் அடிப்படை எளிது: 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி. உயிர்க்குறிகளுக்கு விசையே இல்லை. இகர விசையைத் தனியே தட்டினால் 'இ'. மெய்யின் பின் தட்டினால் அதுவே 'கி'யின் கொக்கி. 'தொ'வுக்கு இரண்டு தட்டு போதும். உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில் என்பதால் இரு கைகளும் மாறி மாறி இயங்கும். எழுத்துகளில் ஷிப்டு விசை ஆய்தத்துக்கும் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குமே தேவை.

இதன் உண்மையான அருமை புள்ளியில் இருக்கிறது. தமிழில் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வருவதும், ஒரே மெய் இரட்டிப்பதும் மிகப் பரவலானவை. அவ்விடங்களில் முதல் மெய்க்குப் புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்கிறது. இராமநாதபுரம் கடற்கரை ஊர்ப் பெயர்களே இதற்குச் சிறந்த சான்று. தொண்டி, உச்சிப்புளி இரண்டையும் புள்ளி விசையைத் தொடாமலே எழுதலாம். பாம்பன், மண்டபம் ஆகியவற்றுக்குக் கடைசி எழுத்தில் மட்டும் அது வேண்டும். தங்கச்சிமடத்தில் மூன்று புள்ளிகள் உள்ளன. விரல் இடுவது ஒன்றே. பத்துத் தட்டில் பெயர் முடிந்துவிடும். விதி பொருந்தாத இடங்களும் உண்டு: 'பப்பாளி'யில் முதல் பகரத்துக்குப் பின் அகரத்தைத் தட்டித் தானியங்கிப் புள்ளியைத் தடுக்க வேண்டும். அத்தகைய சொற்கள் குறைவு. இலக்கணம் இன எழுத்து என்று வகுத்ததை மென்பொருள் விதியாக்கியதால்தான் புள்ளித் தட்டுகளைக் குறைக்க முடிந்தது. புதிய தட்டச்சாளர் ஒவ்வொருவரும் முதலில் கற்க வேண்டிய அமைப்பு இதுவே.

2010இல் அரசு யூனிகோடை ஏற்றபின் எழுத்துருச் சிக்கல் தணிந்தது. விசைப்பலகைகள் ஒன்றாகிவிடவில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வுகள் தட்டச்சுப்பொறியிலேயே தொடர்ந்ததால், அதில் பயின்றவர்களின் விரல்கள் கணினியிலும் பழைய முறையையே நாடின. அவர்களுக்காக மென்பொருள்கள் இரு அமைப்புகளையும் சேர்த்தே தருகின்றன. ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் முறை மூன்றாவதாக நிலைத்தது. கைபேசியில் பலர் நாடுவது அதையே.