இளஞ்சிறார் குற்றம்: மன்னார்குடி வட்டாரம்

இளஞ்சிறார் குற்றம் என்பது 18 வயது நிரம்பாதோர் செய்யும் சட்டமீறல். இதற்கெனத் தனிச் சட்டத்தை இந்திய மாகாணங்களில் முதலில் இயற்றியது சென்னை மாகாணம் (1920). இப்போது நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

காரணங்கள்: வறுமை மட்டுமே சிறுவரைக் குற்றத்தில் தள்ளுவதில்லை. பள்ளி இடைநிற்றல், வீட்டில் குடியும் அடிதடியும், போதைப்பொருள், மூத்தோரின் தூண்டுதல் ஆகியவை அதனுடன் சேரும்போதே ஆபத்து முற்றுகிறது. மன்னார்குடிப் பகுதியில் நடவும் அறுப்பும் முடிந்தால் விவசாயக் கூலிகளுக்கு வேலை குறைந்துவிடும். பெற்றோர் வெளியூர் பிழைக்கப் போனால் பிள்ளைகளைக் கண்காணிக்க ஆளிருப்பதில்லை. அதே வறுமையில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் கிடை ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்கள் காவிரிப் படுகை மாவட்டங்களில் மீட்கப்பட்டுள்ளனர். இவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர், பாதுகாப்பு தேவைப்படுவோர்.

நடைமுறை: பிடிபட்ட சிறுவரை 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் இருப்பர். நன்னடத்தை அலுவலர் குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை அளிப்பார்.

சமூகத்தின் பங்கு: பள்ளிக்கு வராத பிள்ளையை ஆசிரியர் உடனே வீடு தேடிச் சென்று விசாரிப்பது முதல் தடுப்பு. கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு, காவல்துறையின் சிறார் மன்றங்கள், 1098 உதவி எண் ஆகியவை துணைநிற்கும். விசாரணைக் காலத்தில் தங்கவைக்கப்படும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்புவோரை ஊர் ஒதுக்கிவைக்காமல் பள்ளியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்த்துவிட வேண்டும்.