மலையேறும் கழிச்சல்

1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்திலும் கோழிகள் கொத்துக்கொத்தாய்ச் செத்தன. இரண்டே ஆண்டில் அதே நோய் இந்தியாவில், குமாவுன் மலையூரான ராணிகேட்டில் பதிவானது. முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தின் எட்வர்ட்ஸ் அதை எழுதிவைக்க, ராணிகேட் நோய் என்ற பெயர் நிலைத்தது. பழனி மலைக்காரர்களுக்கு அது வெறும் கழிச்சல்.

காலையில் கூட்டைத் திறந்தால் கோழி வெளியே வராது. இறக்கை தொங்கும், கண் சொருகும், எச்சம் பச்சையும் வெள்ளையுமாய்ப் போகும். பிழைத்த ஒன்றிரண்டும் கழுத்து திருகி, தீனியைக் குறிபார்த்துக் கொத்தமுடியாமல் தடுமாறும்.

முதல் கோழி விழுந்ததும் மிச்சத்தை விற்றுவிடுவது பழைய வழக்கம். முட்டைக் காசில் வீட்டுச் செலவைச் சமாளிக்கும் பெண்ணுக்கு வேறு வழி தெரிவதில்லை. அவளைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளித்தெரிய ஐந்தாறு நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் சந்தைக்கு வந்த கோழி கொழுகொழுவென்றே இருக்கும். மலிவாய்க் கிடைத்ததென்று வாங்கிப்போனவர் வீட்டில் அடுத்த வாரம் கூடு காலி.

கோழியை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவதும் அப்படித்தான். பெட்டையை உறவுக்காரர் வீட்டில் விட்டு, பொரித்த குஞ்சில் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வார்கள். முதல் இல்லாதவரையும் கோழிக்காரராக்கிய அருமையான ஏற்பாடு அது. நோய்க்காலத்தில் அதே பெட்டையோடு கழிச்சலும் பழனி மலையூர்களான தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் மலையேறிவிடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலின் குளிரும் நிழலும் கிருமிக்கு வசதி: வெயில் காயும் சமவெளியைவிட ஈர எச்சத்தில் அது அதிக நாள் உயிர்ப்போடு இருக்கும்.

1940களில் முக்தேசுவரிலேயே தடுப்பூசி உருவானது. ஆனாலும் அது புறக்கடைக்கு எளிதில் வந்துசேரவில்லை. மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்கும் மேல் வரும், வீட்டிலோ ஏழெட்டுதான். பிப்ரவரிதோறும் கால்நடைத் துறை ஊர்ஊராக நடத்தும் இலவச முகாம் இந்தச் சிக்கலுக்காகவே தேவைப்படுகிறது. மரத்தில் அடையும் கோழியைத் துரத்திப் பிடிக்கும் பாட்டைக் குறைக்க, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியாகவே கொடுக்கக்கூடிய குருணை மருந்தையும் உருவாக்கியது.

ஊசி போட்ட கோழியும் தான் நோவில்லாமலே கிருமியைக் கழிக்கக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆகவே ஊசி போட்டதென்று யார் சொல்லிக் கொடுத்தாலும், புதிதாய் வந்த கோழியை மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில், தனித் தண்ணீர்ச் சட்டியோடு அடைத்துவைக்க வேண்டும். பழைய கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகே அதனிடம் போக வேண்டும். திரும்பும்போது கைகாலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.