தானாகவே ரீஸ்டார்ட் ஆன கம்ப்யூட்டர்களின் கதை

2000-க்கும் 2007-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இந்த வியாதி நினைவிருக்கும். வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்து நிற்கும். இல்லையென்றால் நீலத்திரை ஒன்று மின்னல் மாதிரி வந்து மறையும். அதில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கக்கூட அவகாசம் இருக்காது. பிறகு மறுபடி விண்டோஸ் சின்னம். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும், திரும்பவும் அதே கூத்து. நம் ஊரில் இதற்கு அப்போது ஒரே வைத்தியம்தான்: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்."

அந்த வைத்தியத்துக்குக் கட்டுப்படாத கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க இருந்தன. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்டோஸைச் சந்தேகப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே, ஒரு ஸ்கேனரைச் செருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரையைக் காட்டி நின்றுபோனது. அரங்கமே சிரித்தது. 2001-ல் வந்த எக்ஸ்பி எவ்வளவோ உறுதியானது. ஆனால் 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு வந்து அந்த நல்ல பெயரையும் கெடுத்தது. இன்டர்நெட்டில் இணைந்தாலே போதும். 60 விநாடியில் கம்ப்யூட்டர் அணையப்போகிறது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து எண்ணத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. டயல்-அப் இணைப்பில் அதை யார் இறக்கிக்கொண்டிருந்தார்கள்?

ஆக, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால் ஒன்று விண்டோஸ், இல்லை வைரஸ் என்று எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது. உண்மையான குற்றவாளி அதற்குள் மதர்போர்டின் மேல் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. சுண்டுவிரல் நுனி அளவு டப்பா. படித்தவர்கள் மின்தேக்கி என்பார்கள், கடையில் கண்டென்சர் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்.

அதன் வேலை என்ன? பவர் சப்ளை கொடுப்பது 12 வோல்ட், 5 வோல்ட். பென்டியம் 4 போன்ற பிராசசருக்கு வேண்டியதோ 1.5 வோல்ட் அளவுதான். ஆனால் கரண்ட் மட்டும் பல பத்து ஆம்பியர். வோல்ட்டைக் குறைக்கும் சுற்று விநாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும். அந்த வெட்டு வெட்டான மின்சாரத்தை வழவழவென்று ஆக்கித் தருவது இந்த டப்பாக்கள். மேட்டூர் தண்ணீர் நேராக வயலுக்கு வந்தால் என்ன ஆகும்? நடுவில் ஏரி வேண்டாமா? அந்த ஏரிதான் இது. ஏரி தூர்ந்துபோனால் வோல்டேஜ் தள்ளாடும், எங்கோ ஒரு 0 என்பது 1 ஆகும், கம்ப்யூட்டர் தடுமாறி விழும்.

இதனால்தான் இந்த வியாதிக்கென்று ஒரு குணம் இருந்தது. பிளாஸ்டர் என்றால் எண்ணிக்கைப் பெட்டி வரும். டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பிழை எண் திரும்பத் திரும்ப வரும். கண்டென்சர் கெட்டால் இன்றைக்கு ஒரு எண், நாளைக்கு வேறொன்று, மறுநாள் எதுவுமே சொல்லாமல் அணைந்துபோகும். பையன் கேம் விளையாடும்போது அடிக்கடி வரும், ஏனென்றால் அப்போதுதான் பிராசசர் அதிகம் குடிக்கும். எக்ஸ்பியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டால் நீலத்திரை நிற்கும், எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். நான்கு நாள் குறித்து வைத்து, நான்கும் வேறு வேறாக இருந்தால், மெமரியையும் சோதித்துவிட்டு, கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதே சரி. நல்ல டப்பாவின் தலை தட்டையாக இருக்கும். கெட்டதின் தலை பூரி மாதிரி உப்பியிருக்கும், சிலவற்றில் பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருக்கும்.

ஏன் உப்பியது? மின்தடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக உள்ளே நீர் அதிகம் கலந்த ரசாயனத்தை நிரப்பினார்கள். அலுமினியத் தகட்டை நீர் அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அதைத் தடுக்க வேறு சில பொருள்களைச் சரியான அளவில் சேர்க்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாத டப்பாக்களுக்குள் வாயு சேர்ந்து தலையைத் தள்ளியது. தலையில் கீறியிருக்கும் சிலுவைக் கோடே, வெடிக்காமல் மெதுவாகத் திறக்கட்டும் என்பதற்காகத்தான்.

2002-ல் அமெரிக்கத் தொழில் பத்திரிகை ஒன்றில் இதற்கு ஒரு துப்பறியும் கதையே வந்தது. ஜப்பானின் ரூபிகான் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி சீனாவில் ஒரு கம்பெனிக்குப் போனாராம்; அங்கிருந்து சிலர் ரசாயனச் சூத்திரத்தைத் தைவானுக்குக் கொண்டுபோனார்களாம்; கொண்டுபோனது பாதிச் சூத்திரம், அரிப்பைத் தடுக்கும் பகுதி விட்டுப்போயிற்றாம். திருடனுக்குத் தண்டனை கிடைத்த கதை என்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. இன்றும் அதையே சொல்கிறார்கள்.

எனக்கு அந்தக் கதையில் முழுத் திருப்தி இல்லை. காரணம், டெல். அந்த நிறுவனத்தின் ஆப்டிப்ளெக்ஸ் ஜிஎக்ஸ்270 போன்ற அலுவலகக் கம்ப்யூட்டர்கள் இதே மாதிரி கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவற்றில் இருந்தவை தைவான் டப்பாக்கள் அல்ல. நிச்சிகான் என்ற பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனத்துடையவை. எந்தச் சூத்திரத்தையும் யாரிடமும் திருட வேண்டிய அவசியம் இல்லாதவர்கள். விலையையும் அளவையும் குறைத்து, வேகத்தையும் சூட்டையும் கூட்டிக்கொண்டே போன காலம் அது. சரக்கு தயாரித்தவர், வாங்கியவர் எல்லோருக்குமே அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். 2005-ல் டெல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. ஆப்பிளும் ஐமேக் ஜி5-க்கு இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தது.

2010-ல் டெல் மேல் நடந்த ஒரு வழக்கில் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் முழு அளவு தெரிந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அந்தக் கோளாறு வரக்கூடிய கம்ப்யூட்டர்கள் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் விற்பனையாகியிருந்தன. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறை புகார் செய்தபோது கிடைத்த பதிலும் அப்போது செய்தியில் வந்தது: நீங்கள் கடினமான கணக்குகளைப் போட்டு இயந்திரத்தை அதிகம் வருத்திவிட்டீர்கள் என்று! கணிதத் துறை கணக்குப் போடாமல் வேறு என்ன செய்யும்?

அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் 2004 கோடையில் இதே பாடு படுத்தியபோது, சர்வீஸுக்கு வந்த தம்பியும் இதைத்தான் சொன்னார். "சார், நீங்க ஒரே நேரத்துல நாலு விண்டோ ஓப்பன் பண்றீங்க. அதான்." மூன்று முறை ஃபார்மட் ஆனது. என் மனைவி இகலப்பையில் தட்டுத் தடுமாறித் தட்டச்சு செய்து வைத்திருந்த அவள் அம்மாவின் சமையல் குறிப்புகள் முதல் முறையிலேயே போய்விட்டன. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்டின் பேராசிரியர்களுக்கே அந்தப் பதில் என்றால், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? ஆனால் "உங்களுக்கு உபயோகிக்கத் தெரியவில்லை" என்று ஒரு பெரிய கம்பெனி தெரிந்தே சொல்வது வேறு. அவள் அதற்குப் பிறகு ஒரு வருஷம் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. 'நான் தொட்டாலே கெட்டுப்போகுது' என்று நம்பிவிட்டாள்.

நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொண்டது. சூடு 10 டிகிரி கூடினால் இந்த டப்பாக்களின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. ஏசி இல்லாத அறையில், மேசைக்குக் கீழே சுவரோரம் தள்ளி, தூசி படிந்த ஃபேனோடு கிடக்கும் கேபினெட்டுக்குள் எப்படி இருந்திருக்கும்!

பிற்பாடு ரிச்சி தெருவில் விஷயம் தெரிந்த கைகள் வந்தன. உப்பிய டப்பாக்களைப் பிடுங்கிவிட்டு, 105 டிகிரி என்று அச்சிட்ட, அதே மைக்ரோஃபாரட்டும் குறையாத வோல்ட்டும் உள்ள புதியவற்றை வைப்பார்கள். வெறும் கண்டென்சர் என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். மதர்போர்டு பல அடுக்குச் செம்பு. பற்றவைக்கும் கம்பியின் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிவிடும், ஈயம் லேசில் இளகாது. அவசரப்பட்டு இழுத்தால் துளையின் உள்பூச்சும் கூடவே வந்துவிடும், போர்டு குப்பைக்கு. மைனஸ் பட்டையை மாற்றி வைத்தால் டப்பா வெடித்தே விடும். எங்களுடையதில் பிராசசரைச் சுற்றி ஐந்து மாற்றினார்கள். கூலியோடு சேர்த்து, ஒரு புது மதர்போர்டு விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதன் பிறகு அது 2011 வரை ஓடியது.

2007-க்குப் பிறகு மதர்போர்டு கம்பெனிகள் திரவம் இல்லாத திட பாலிமர் வகைக்கு மெல்ல மாறின. பெட்டியின் மேலேயே அதைப் பெரிதாக அச்சிட்டு விளம்பரம் செய்தார்கள். இப்போது ஒரு போர்டைத் திறந்து பார்த்தால் அந்த டப்பாக்களின் தலையில் சிலுவைக் கீறல் இருக்காது. உள்ளே ஆவியாக நீர் இல்லையே.