தாய் வீட்டுக்குப் போகும் வண்டி

சென்ற மாதம் எங்கள் வீட்டில் மின்சாரக் கார் வாங்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. பேச்சை எழுப்பியவன் நான்தான். கடைக்குப் போய் அங்கே கொடுத்த வழவழப்பான புத்தகத்தை வாங்கி வந்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி படித்துக்கொண்டிருந்தேன். என்ன வேகம், என்ன நிறம், எத்தனை பேர் உட்காரலாம் எல்லாம் அதில் இருந்தது. என் மனைவி காப்பியைக் கொண்டு வந்து வைத்தாள். புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"ஏங்க, இது எங்க அம்மா வீட்டுக்குப் போகுமா?"

அவள் தாய் வீடு தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சென்னையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு முறை சார்ஜ் செய்தால் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் தூரம் முடிகிற இடத்தில் என்ன இருக்கும் என்று மட்டும் போடவில்லை.

"போகும், போகும்" என்று சொல்லி வைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பழைய மோட்டார் சரித்திரங்களை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன். புரட்டினால், உலகத்தில் முதன் முதலாக மோட்டாரில் தூரப் பிரயாணம் போனவளே தாய் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள்!

அவள் பெயர் பெர்த்தா பென்ஸ். ஜெர்மனியில் மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி. கணவர் 1886-ல் உரிமை பெற்றுவிட்டார்; ஆனால் வண்டியை வாங்க யாரும் முன்வரவில்லை. 1888 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டுவிட்டாள். போக வேண்டிய ஊர் ஃபோர்ட்ஸ்ஹைம். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே அவள் தாயார் இருந்தார்.

எண்ணெய்க் குழாயில் அடைப்பு ஏற்பட்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி நீக்கினாள் என்றும், கம்பியில் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றினாள் என்றும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு விஷயம். அந்த வண்டியில் எண்ணெய்த் தொட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. கொண்டதெல்லாம் நாலரை லிட்டர்தான். வழியில் தீர்ந்துபோயிற்று. பெட்ரோல் பங்க் என்ற வார்த்தையே பிறக்காத காலம். என்ன செய்தாள்? வீஸ்லோக் என்ற சிற்றூரில் மருந்துக் கடையின் முன் வண்டியை நிறுத்தி, லிக்ரோயின் வாங்கி ஊற்றிக்கொண்டு போய்விட்டாள். துணியில் கறை எடுக்க விற்ற திரவம் அது. மருந்துக் கடைக்காரர் தம் கடை உலகத்தின் முதல் பெட்ரோல் பங்காக ஆகிவிட்டதை அறியமாட்டார். இவ்வளவு கறையா இந்த அம்மாள் துணியில் என்று நினைத்திருப்பார், பாவம்!

இந்த மருந்துக் கடையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கார் ஏதோ நேற்று வந்த புதுமை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1900-ல் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் 4,192. அவற்றில் நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெட்ரோல் வண்டிகள் வெறும் 936. பந்தயத்தில் கடைசியாக ஓடிய குதிரை பெட்ரோல்தான். அதற்கு முந்தின வருஷம், 1899-ல், பெல்ஜியத்துக்காரரான காமில் ஜெனாட்ஸி மணிக்கு நூறு கிலோமீட்டர் என்ற எல்லையைத் தாண்டினாரே, அது மின்சார வண்டியில். அதே வருஷம் நியூயார்க்கில் ஜேக்கப் ஜெர்மன் என்ற டாக்ஸிக்காரரை அதிவேகத்துக்காகப் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போனார். வேகம் மணிக்கு 12 மைல்! அவர் ஓட்டியதும் மின்சார வண்டி.

அந்த நியூயார்க் டாக்ஸிகளின் கதை சுவையானது. 1897-ல் ஓட ஆரம்பித்தன. பாட்டரி தீர்ந்தால் வண்டி மத்திய நிலையத்துக்கு வரும். கனமான பாட்டரிப் பெட்டியை இயந்திரம் வெளியே இழுத்துவிட்டு வேறொன்றைத் தள்ளிவிடும். சில நிமிஷங்களில் வண்டி மறுபடி தெருவில். குதிரை மாற்றுகிற தபால் வண்டிச் சாவடி போலத்தான். ஆனால் சாவடி ஒரே இடத்தில் இருந்தது. முளையில் கட்டிய மாடு கயிறு எட்டுகிற மட்டும் மேயும். அதற்கு அப்பால் எவ்வளவு பச்சைப் புல் இருந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த டாக்ஸிகளும் அப்படித்தான் மேய்ந்தன. அவற்றை நடத்திய கம்பெனி வேறு பல நகரங்களிலும் கிளை பரப்பிப் பார்த்து, 1907-ல் திவாலாயிற்று. கயிறு மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். பாட்டரிகள் சீக்கிரம் கெட்டன, நிர்வாகமும் சரியில்லை.

கயிற்றின் நீளம் என்ன என்பதைக் காட்ட இரண்டு பிரயாணங்களைச் சொல்கிறேன்.

1903-ல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்ஸன் என்ற டாக்டர், ஐம்பது டாலர் பந்தயத்துக்காக, ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குப் பெட்ரோல் காரில் கிளம்பினார். கூட ஸுவல் க்ரோக்கர் என்ற மெக்கானிக். நடுவழியில் ஒரு நாயையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கும் தூசிக் கண்ணாடி மாட்டினார்கள். ஆரிகான் பிரதேசத்தில், மனித வாடையே இல்லாத இடத்தில், தொட்டி ஒழுகிப் பெட்ரோல் முழுவதும் போய்விட்டது. க்ரோக்கர் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தார். இருபத்தைந்து மைல் போல மிதித்துப் பக்கத்து ஊருக்குப் போனார். வழியில் சைக்கிளும் பஞ்சர்! ஆனாலும் நாலு காலன் பெட்ரோலோடு திரும்பி வந்தார். வண்டி கிளம்பிற்று. 63 நாட்களில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள்.

1908-ல் ஆலிவர் ஃபிரிட்ச்லி என்பவர் கிளம்பினார். ரசாயனம் படித்தவர். டென்வரில் மின்சார வண்டி செய்து விற்றவர். ஒரு சார்ஜில் நூறு மைல் என்பது அவருடைய விளம்பரம். அதை நிரூபிக்க லிங்கன் நகரத்திலிருந்து நியூயார்க் வரை ஏறக்குறைய 1,800 மைல் தம் வண்டியிலேயே போனார். சாதித்தும்விட்டார். சுமார் ஒரு மாதம் ஆயிற்று. பாட்டரி வலுவானது, மனிதர் அதைவிட வலுவானவர். ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் சாயங்காலத்துக்குள் மின்சாரம் இருக்கிற ஊரைப் பிடித்தாக வேண்டும். இடையில் தீர்ந்து போனால் சைக்கிளில் போய் நாலு காலன் மின்சாரம் வாங்கிவர முடியுமா?

இந்த இடத்தில்தான் பந்தயம் முடிந்துபோயிற்று என்பது என் அபிப்பிராயம். சரித்திரக்காரர்கள் வேறு காரணங்கள் சொல்வார்கள். 1912-ல் காடிலாக் வண்டியில் கெட்டரிங் கண்டுபிடித்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடியைச் சுழற்றிக் கையை முறித்துக்கொள்கிற கஷ்டம் ஒழிந்தது. 1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி விலை குறைந்துகொண்டே போய் முந்நூறு டாலருக்கும் கீழே வந்தது. நல்ல மின்சார வண்டி இரண்டாயிரம் டாலருக்கு மேல் விற்றது. டெக்ஸாஸில் 1901-ல் எண்ணெய் பீறிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் பெட்ரோல் வண்டி ஜெயித்த அந்த ஆரம்ப வருஷங்களில் அதற்கென்று பங்குகள் இருந்தனவா என்றால், இல்லை. வண்டியை உள்ளே விட்டு நிரப்பிக்கொள்ளும்படி பிட்ஸ்பர்க்கில் ஒரு நிலையம் கட்டியதே 1913 கடைசியில். அதுவரை மளிகைக் கடை, இரும்புச் சாமான் கடை, மருந்துக் கடைதான். தகர டின்னில் அடைத்து, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனார்கள். வீஸ்லோக் மருந்துக் கடை ஊருக்கு ஊர் ஏற்கெனவே திறந்திருந்தது!

மின்சாரத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது நகரத்துப் பிள்ளை. நகரத்திலும் பல இடங்களில் ஏ.ஸி. மின்சாரம் வந்தது, பாட்டரிக்கோ டி.ஸி. வேண்டும். வீட்டிலேயே மாற்றிக்கொள்ளத் தனி இயந்திரம் வாங்க வேண்டும். கிராமத்து நிலையைச் சொல்லவே வேண்டாம். 1930-களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது. 1935-ல் சர்க்கார் தனி இலாகா வைத்துக் கம்பி இழுத்த பிறகுதான் வெளிச்சம் வந்தது. அதற்குள் மின்சாரக் காருக்குக் கருமாதி ஆகிவிட்டது.

வீட்டிலே சார்ஜ் செய்து ஊருக்குள்ளேயே ஓட்டியவர்களுக்கு அது தங்கமான வண்டிதான். இதற்கு ஹென்றி ஃபோர்டின் மனைவியே சாட்சி. உலகத்துக்கெல்லாம் பெட்ரோல் காரை விற்ற அந்த மனிதருடைய மனைவி க்ளாரா, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தது 1914-ம் வருஷத்து டெட்ராயிட் எலெக்ட்ரிக். சத்தம் இல்லை, புகை இல்லை. சிநேகிதி வீட்டுக்கும் கடைக்கும் போய்வர அதைவிட வேறென்ன வேண்டும்?

பாட்டரியைத் தனியாகப் பிரித்து வாடகைக்கு விடலாம் என்ற யோசனையும் பழையதுதான். ஹார்ட்ஃபோர்டு நகரத்து மின்சாரக் கம்பெனி 1910 வாக்கில் தொடங்கி 1924 வரை அதைச் செய்தது. லாரிக்காரர் பாட்டரி இல்லாமல் வண்டி வாங்குவார். ஓடிய மைலுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கட்டுவார். அறுபது லட்சம் மைலுக்கு மேல் அப்படி ஓடியிருக்கின்றன. நூறு வருஷம் கழித்து இஸ்ரேலில் பெட்டர் பிளேஸ் என்ற கம்பெனி கார்களுக்கு இதையே பிரமாண்டமாகச் செய்து, ஏராளமான பணத்தைக் கொட்டி, 2013-ல் கதவைச் சாத்திற்று. ஹார்ட்ஃபோர்டு லாரிகள் சாயங்காலம் வீடு திரும்புகிறவை. கார் வாங்குகிறவனோ எங்கே போவான் என்று அவனுக்கே தெரியாது.

டெஸ்லா கம்பெனிக்காரர்கள் இந்தச் சரித்திரத்தைப் படித்தார்களோ என்னவோ, பாடத்தைப் புரிந்துகொண்டார்கள். வண்டியோடு சேர்த்து மருந்துக் கடையையும் தாங்களே கட்டினார்கள். 2012 செப்டம்பரில் கலிபோர்னியாவில் ஆறு நிலையங்கள். பிறகு நெடுஞ்சாலைகள் எங்கும். மற்றக் கம்பெனிகளும் நல்ல வண்டிகள் செய்தன. ஆனால் அமெரிக்காவில் வண்டி வாங்க வந்தவர்கள் வண்டியை மட்டுமா பார்த்தார்கள்? நிலையத்தைப் பார்த்தார்கள். டெஸ்லாவின் பிளக்கு வேறு, மற்றவர்களுடைய பிளக்கு வேறு. கடைசியில் 2023-ல், டெஸ்லாவின் பிளக்கையே தங்கள் வண்டிகளிலும் வைப்பதாக முதலில் ஒரு பெரிய கம்பெனி அறிவித்தது; மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். முதலில் அறிவித்த கம்பெனி எது தெரியுமா? ஃபோர்டு! க்ளாரா அம்மாள் இருந்திருந்தால் புன்னகை செய்திருப்பாள்.

இதையெல்லாம் படித்து முடித்தபோது என் மனைவியின் கேள்விக்கு மரியாதை கூடியிருந்தது. வருஷத்தில் முந்நூற்று ஐம்பது நாள் நான் ஓட்டப்போவது கறிகாய்க் கடைக்கும் பத்திரிகை ஆபீஸுக்கும்தான். அதற்கு வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கே போதும். நெடுஞ்சாலையில் எத்தனை நிலையம் இருந்தால் எனக்கென்ன? ஆனால் யாரும் அந்த முந்நூற்று ஐம்பது நாளுக்காகக் கார் வாங்குவதில்லை. மிச்சமுள்ள பதினைந்து நாளுக்காகத்தான் வாங்குகிறோம். என் நண்பர் ஒருவர் சென்ற கோடையில் தம் மின்சாரக் காரில் குடும்பத்தோடு வெளியூர் போனார். வழியில் நம்பியிருந்த சார்ஜ் நிலையத்தில் "பழுது" என்று அட்டை தொங்கிற்று. அடுத்ததில் முன்னால் மூன்று வண்டிகள். ஓட்டல் வாசலில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் மனைவியோடு பேசித் தீர்க்க வேண்டியிருந்த எல்லா விஷயங்களையும் பேசித் தீர்த்துவிட்டதாகச் சொன்னார்.

நான் தேசப்படத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் எங்கெங்கே நிலையம் இருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டேன். ஒன்று பழுதானால் அடுத்ததுக்குப் போக முடியுமா என்றும் கணக்குப் போட்டேன். கடைசி வட்டத்துக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவே கொஞ்சம் தூரம் இருந்தது. திரும்பி வருகிற கணக்குத்தான் உதைத்தது. மனைவி அதற்குள் டெலிபோனில் அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"திண்ணையிலே கிரைண்டர் போடுற பிளக்கு ஒண்ணு இருக்கு. அது போதுமா, மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"போதும், அத்தை. ஆனா மெதுவாத்தான் ஏறும். ஒரு ராத்திரி போதாது, மறுநாள் பகலும் வேணும்" என்றேன்.

"ஏறட்டுமே. ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க" என்றார்.