தறிப்பேட்டையும் என் தொப்பையும்

பொங்கலுக்குப் பழைய பெல்ட்டை எடுத்தேன். கடைசி ஓட்டைகூட எட்டவில்லை. நாற்பது வயதில் 68 கிலோ, இப்போது நாற்பத்தேழில் 76. வருஷத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், சத்தமே இல்லாமல் ஏறியிருக்கிறது. டயட் என்று ரெண்டு தடவை ஆரம்பித்து, ரெண்டு தடவையும் பசி தாங்காமல் விட்டவன் நான். அப்பாவுக்கு ஐம்பதில் சர்க்கரை வந்தது. அதனால் சும்மா விடவும் மனசு வரவில்லை. சரி, நமக்குத் தெரிந்த வேலையைச் செய்வோம் என்று பழைய கதையைப் புரட்டினேன்.

நான் குடியிருக்கும் சிந்தாதிரிப்பேட்டை, 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி துணித் தொழிலுக்காகவே உண்டாக்கிய ஊர். சுங்குராமச் செட்டியின் தோட்டம் இருந்த இடத்தில் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் சாயத் தொழிலாளர்களையும் குடியேற்றினார்கள். 'சின்ன தறிப் பேட்டை'தான் இப்படி மருவியது என்பார்கள். நாள் முழுக்கக் கையும் காலும் ஓயாத தொழில். அரிசி ஆலையும் அப்போது கிடையாது. சோறு என்றால் கைக்குத்தல் சோறு.

ஆலை வந்தது, அரிசி வெளுத்தது, தவிடோடு சத்தும் போனது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பிறகு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தார். ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலி சராசரி 235 கிராம். வெள்ளை அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டில் வளர்ந்தது 155 கிராம். நம்ம தட்டு உடம்பை வளரவிடாது என்பதுதான் அன்றைய குற்றச்சாட்டு!

இப்போது சென்னைக்கு வருவோம். 2001-இல் டாக்டர் வி. மோகன் குழு தொடங்கிய சென்னை நகர்ப்புற, கிராமப்புற ஆய்வில் 26,001 பேர் இடம்பெற்றார்கள். அதன் உணவுக் கணக்குப்படி, கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. அதை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் அதிகம்.

அன்று மெலிவு, இன்று தொப்பை. ரெண்டிலும் தட்டு ஒன்றுதான்: நடுவில் சோற்று மலை, ஓரத்தில் துளி பொரியல். தறி மிதித்த உடம்பு அதை எரித்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் உடம்பு சேர்த்து வைக்கிறது. "வயசாச்சு, மெட்டபாலிசம் குறைஞ்சிடுச்சு" என்று தப்பிக்கவும் வழியில்லை. 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை என்று 2021-இல் வந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது.

குன்னூர் ஆய்வுக்கூடம்தான் பிறகு ஹைதராபாத் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அதன் 2024 வழிகாட்டி, தானியத்திலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் கலோரி வேண்டாம் என்கிறது. ஆக, சோற்றை விடச் சொல்லவில்லை. அளவை மாற்றத்தான் சொல்கிறது.

நானும் அதைத்தான் செய்தேன். முதலில் பொரியலும் கூட்டும் தட்டில் பாதி. அப்புறம் பருப்போ சுண்டலோ, இல்லையென்றால் நம்ம பேட்டை மார்க்கெட் மீனோ. மிச்ச இடத்தில்தான் சோறு. "என்னங்க, டயட்டா?" என்றாள் மனைவி. "இல்லம்மா, இடம் மாத்திட்டேன், அவ்ளோதான்" என்றேன்.

நாலு மாசத்தில் ரெண்டு கிலோ இறங்கியிருக்கிறது. பெரிய சாதனை ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தடவை பசிக்கவில்லை. அதனால்தான் இன்னும் விடாமல் இருக்கிறேன். பெல்ட்டும் இப்போது கடைசி ஓட்டையில் மாட்டுகிறது.