சண்டைப்படம் (தமிழ்)

கதையைவிடச் சண்டைக்காகவே கூட்டம் சேரும் படத்தைச் சண்டைப்படம் என்பது தமிழ்நாட்டு வழக்கு. அதன் வேர் கர்லாக்கட்டை சுழன்ற தேகப்பயிற்சிசாலைகளில் இருக்கிறது.

யூஜின் சாண்டோ என்னும் ஐரோப்பியப் பயில்வானின் புகழ் 1900களில் இந்தியாவெங்கும் பரவ, 'சாண்டோ' நம்மூரில் பட்டமாகவே நிலைத்தது. புதுக்கோட்டை பி. கே. நாகலிங்கம் பம்பாய் போய் ராஜா சாண்டோ என்ற பெயரில் ஊமைப்பட நாயகரானார்; பின்னர் தமிழில் 'மேனகா'வை (1935) இயக்கினார். கோவையிலிருந்து அதே பட்டத்தோடு வந்த சின்னப்பா தேவர், ஜூபிடரின் 'ராஜகுமாரி'யில் (1947) எம்.ஜி.ஆரோடு மோதினார். 1956இல் தேவர் பிலிம்ஸின் முதல் படமான 'தாய்க்குப் பின் தாரம்' வந்தது. அதில் எம்.ஜி.ஆர் காளையோடு மல்லுக்கட்டினார்.

ஆனால் சிலம்பம்தான் இந்தப் படங்களின் உயிர். கத்திச்சண்டையை அரசர் கதைகளில் மட்டுமே வைக்க முடியும். கம்பு கிராமத்துக் கதைக்கும் பொருந்தும். டி. ஆர். ராமண்ணாவின் 'பெரிய இடத்துப் பெண்' (1963) கதையே ஒரு சிலம்பப் போட்டியில்தான் திரும்புகிறது. ஆள் உயரக் கம்பு சுழல இடம் வேண்டும். அதனால் கேமரா பின்னுக்குப் போகிறது. வீச்சைப் போலவே காலடியும் தெரிகிறது. மணிக்கட்டு திரும்புகிறது, கம்பு கைமாறுகிறது, எதிராளி ஓரடி விலகுகிறார். டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவர், ஊர்த் திருவிழாவில் கம்பு சுற்றக் கண்டவர். அடி நிஜமா, பாவனையா என்று அவரை ஏமாற்ற முடியாது.

இதே ஈர்ப்பை ஹாங்காங்கின் பழைய கான்டனீஸ் படங்களிலும் காணலாம். வூ பாங் இயக்கத்தில் 1949இல் தொடங்கிய, நிஜ குங்ஃபூ ஆசான் வொங் ஃபெய்ஹுங்கைப் பற்றிய பட வரிசையில் க்வான் டக்ஹிங் நாயகர். அதற்குமுன் அவர் கான்டனீஸ் இசைநாடக நடிகர். நாடக மேடையிலிருந்து வந்த எம்.ஜி.ஆரின் கதையும் இதுவே. வொங்கின் சீடர் லாம் சாய்விங். அவருடைய சீடர் லாவ் சாம் இப்படங்களில் நடித்தார். குரு பரம்பரையே திரையில் ஏறி நின்றது என்றால் மிகையில்லை. லாவ் சாமின் மகன் லாவ் கார்லியுங்தான் பின்னாளில் '36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' (1978) எடுத்தவர்.

இரண்டு மரபுகளும் 1973இல் அருகருகே வந்தன. வொங் வரிசையின் நிரந்தர வில்லன் ஷி கியன், 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீயை எதிர்த்தார். அதே ஆண்டு வெளியான 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்துக்காக எம்.ஜி.ஆர் ஹாங்காங்கிலேயே படப்பிடிப்பு நடத்தியிருந்தார்.