பிச்சைச் சம்பளம்: பெரியாக்களுக்கு யார் பொறுப்பு என்ற பழைய கேள்வி

கந்தோர்ப் படிவத்தில் அதன் பெயர் ‘பொதுசன மாதாந்த உதவிப்பணம்’. ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ‘பிச்சைச் சம்பளம்’ என்றுதான் சொல்லுவார்கள். அதை எடுக்கிற ஆச்சியே அப்படித்தான் சொல்லுவா, எந்தச் சங்கடமும் இல்லாமல்: “நாளைக்குப் பிச்சைச் சம்பளம் எடுக்கப் போகவேணும் பிள்ளை.” சிங்களத்தில் இதே காசை ‘பின் படி’ என்பார்கள். பின் என்றால் புண்ணியம். சிங்களத்தில் கொடுக்கிறவருக்குப் புண்ணியம், தமிழில் வாங்குகிறவருக்குப் பிச்சை. இரண்டு மொழியிலும் உரிமை என்ற பேச்சே இல்லை.

இந்தச் சொல் எங்கே இருந்து வந்தது என்று தேடப் போனால், முதியோரைப் பார்ப்பது யார் பொறுப்பு என்று ஒரு நூற்றாண்டாக ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டு நிற்கிற கதைதான் வருகிறது. குடும்பம், கோயில், விதானையார், கச்சேரி, சபை, கொழும்பு. எல்லாரும் அதில் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு கட்டுக்கதையைத் தாண்டிப் போகவேணும். “எங்கட சமூகம் அந்தக் காலத்தில் பெரியாக்களைக் கைவிட்டதில்லை” என்பது மேடையில் அடிக்கடி கேட்கிற பேச்சு. மடங்கள் இருந்தது உண்மை. பருத்தித்துறைத் தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. செல்வச்சந்நிதியானை அன்னதானக் கந்தன் என்று சொல்லுவது சும்மா இல்லை; பிள்ளைகள் இல்லாத, அல்லது இருந்தும் இல்லாத எத்தனையோ பேரின் கடைசிக் காலம் அந்தச் சுற்றாடலில்தான் கழிந்திருக்கிறது. ஆனால் எல்லா மடத்துத் திண்ணையிலும் எல்லாரும் குந்த முடிந்ததா? எல்லாக் கிணற்றிலும் எல்லாரும் அள்ள முடிந்ததா? 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போக விடுங்கள் என்று சத்தியாக்கிரகம் இருக்கவேண்டிய நிலை இருந்தது. அப்படியான ஊரில், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு கிழவிக்கு எந்தக் கோயில் பந்தியில் இலை போட்டிருப்பார்கள் என்று யோசித்தால் அந்தப் பொற்காலம் கொஞ்சம் மங்கிப்போகும்.

ஆங்கிலேயர் காலத்தில் ஏழைகளைப் பார்ப்பது தர்மவான்களின் வேலையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1841இல் ‘பிரெண்ட் இன் நீட்’ சங்கம் தொடங்கியது. 1850இல் அந்தச் சங்கம் திறந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய யாழ் போதனா வைத்தியசாலையின் வேர். அரசாங்கம் அதைப் பொறுப்பெடுத்தது 1907இல். ஏறத்தாழ அறுபது வருடம் ஊர்க்காசும் துரைமாரின் நன்கொடையும்தான் அதை ஓட்டின.

பிரித்தானியா தன்னுடைய சொந்த முதியோருக்கு ஓய்வூதியச் சட்டத்தை 1908இலேயே கொண்டுவந்துவிட்டது. இலங்கைக்கு 1939இல் அது அனுமதித்தது என்ன? வறியோர் சட்டம். எலிசபெத் ராணி காலத்தில், 1601இல், இங்கிலாந்தில் எழுதிய ஒரு கருத்தின் பேரப்பிள்ளை. ஊர்ச்சபை வரி எடுத்து ஊர் ஏழைக்கு உதவவேண்டும், உதவி கேட்பவர் தான் உண்மையிலேயே கதியற்றவர் என்று காட்டவேண்டும் என்பது அதன் சாரம். இங்கிலாந்து அந்தச் சட்டத்தை 1948இல் முற்றாகக் குழிதோண்டிப் புதைத்தது. நாங்கள் அதற்கு ஒன்பது வருடம் முன்னர்தான் அதை வாங்கி வைத்தோம். பழைய உடுப்பைத் தம்பிக்குக் கொடுக்கிற மாதிரி.

அந்தச் சட்டம் பொறுப்பை உள்ளூராட்சிக்குக் கொடுத்தது என்பது முக்கியம். ஆனால் நடைமுறைக்கு வந்தது கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகர சபைகளில் மட்டும். யாழ்ப்பாணம் மாநகர சபையானதே 1949இல்தான். ஆக, தீவின் மற்ற இடமெல்லாம் பிச்சைச் சம்பளம் கச்சேரி வழியாகத்தான் வந்தது. ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் அறிக்கை கொடுத்தது. 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் பிறந்தது. சபைகளின் கையில் இருந்திருக்கக்கூடிய ஒரு வேலை தொடக்கத்திலேயே திணைக்களத்தின் கைக்குப் போய்விட்டது. எங்கள் வாசிப்பில் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் இதுதான்.

கச்சேரிக்கும் கிழவிக்கும் நடுவில் நின்றவர் விதானையார். யார் ஏழை, யாருக்குப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், யாருக்கு ஒருவரும் இல்லை என்று எழுதிக் கொடுக்கிறவர் அவர். பரம்பரையாகச் செல்வாக்குள்ள குடும்பத்தில் இருந்து வருகிறவர். அவர் வீட்டு முற்றத்தில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று கையெழுத்து வாங்குகிற காசுக்கு ஊர் வேறு என்ன பெயர் வைத்திருக்கும்? 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார், பிறகு அவர் கிராம அலுவலர் ஆனார். ஊர்ப் பேச்சில் அவர் இன்னும் விதானையார்தான். காரியாதிகாரி 1970களில் உதவி அரசாங்க அதிபரானார், 1992க்குப் பிறகு பிரதேச செயலாளரானார். எண்பது வயது அப்பு ஒருவரிடம் கேட்டுப்பாருங்கோ, “டி.ஆர்.ஓ. கந்தோருக்குப் போனனான்” என்பார். இன்னொருவர் ஏ.ஜி.ஏ. கந்தோர் என்பார். இரண்டு பேரும் போனது ஒரே கட்டடத்துக்கு. நிர்வாக வரலாற்றை ஆவணக் காப்பகத்தில் தேடுவதைவிட அவர்கள் வாயில் தேடுவது லேசு.

மலையகத்தின் கதை இதைவிடக் கசப்பு. 1930களின் இறுதியில் கிராமச் சங்கத் தேர்தல் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத்தில் குடியிருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு அந்த வாக்கு இல்லை என்று ஆனது. 1948இல் குடியுரிமையே போனது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் வந்த பிறகும், அதன் 33ஆம் பிரிவு தோட்டக் காணிக்குள் சபை தன் நிதியைச் செலவழிப்பதற்குக் குறுக்கே நின்றது. வாக்குப் போடலாம், உறுப்பினராகலாம், ஏன் தவிசாளராகவும் வரலாம். ஆனால் தான் பிறந்த லயத்துக்குப் போகிற பாதைக்குச் சபைக் காசில் கல் போட முடியாது. இது திருத்தப்பட்டது 2018இல்.

இதன் நடுவில் வயது போனவர்களின் நிலை என்ன? தோட்டத்தில் வேலை செய்தவருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி உண்டு. பெண்ணென்றால் 50 வயதிலும் ஆணென்றால் 55 வயதிலும் எடுக்கலாம். ஒரே தடவையில் கைக்கு வருகிற அந்தக் காசு மகளின் கலியாணத்துக்கோ அடைவில் கிடக்கிற நகைக்கோ போய்விடும். பேர் வெட்டின பிறகு மாதாமாதம் வருவதற்கு ஒன்றுமில்லை. இருக்கிற காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து வேலை செய்தால்தான் நிம்மதியாகப் படுக்கலாம். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த ஒரு பாட்டிக்குத் தோட்டமும் பொறுப்பில்லை, சபையும் பொறுப்பில்லை. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

வடக்குக்குத் திரும்புவோம். 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் இல்லாமல் போயின. அந்தப் புதிய சபைகளுக்கான தேர்தல் நேரத்தில்தான் யாழ் நூலகம் எரிந்தது என்பதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஊருக்கு மிக அருகில் இருந்த சபையும் அதே வருடம் போய்விட்டது என்பதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. 1987இல் 13ஆம் திருத்தம் சமூக சேவைகளை மாகாணத்துக்குக் கொடுத்தது. அடுத்த வருடம் பிரதேச சபைகள் தொடங்கின. 1991 உள்ளூராட்சித் தேர்தல் வடக்கு கிழக்கில் நடக்கவே இல்லை.

இதற்குள் யுத்தம். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, நடக்கமாட்டாத பெரியாக்களைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டினார்கள். “நாங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறம், நீங்கள் பிள்ளையளைக் கொண்டு போங்கோ” என்று நின்றுவிட்டவர்களும் உண்டு. 2009இல் மெனிக்பாம் முகாம்களிலிருந்து முதலில் வெளியே விடப்பட்டவர்களுள் 60 வயதைத் தாண்டியவர்கள் இருந்தார்கள். உறவினர் பொறுப்பெடுத்தால் உறவினரோடு, இல்லாவிட்டால் முதியோர் இல்லத்துக்கு. இடம்பெயர்வின்போது இயங்காமல் போன கந்தோர்கள், தொலைந்த அடையாள அட்டைகள், செத்துப்போன அல்லது வெளிநாடு போய்விட்ட பிள்ளைகள் என்று, ‘கதியற்றவர்’ என நிரூபிக்கத் தேவையான கடதாசிதான் முதலில் காணாமல் போனது.

இந்தக் காலத்திலேயே கொழும்பில் ஒரு நல்ல சட்டம் வந்தது. முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். ‘உரிமை’ என்ற சொல் இந்தக் கதைக்குள் தலைகாட்டுவது இங்கேதான். முதியோருக்கான தேசிய சபை, தேசிய செயலகம், முதியோர் அடையாள அட்டை எல்லாம் இதனால் வந்தவை. பிள்ளைகள் பார்க்காவிட்டால் 60 வயதைத் தாண்டிய பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். சட்டத்தில் இருப்பது சரி, எங்கட ஊரில் எந்த அம்மா தன் மகனுக்கு எதிராக மனு எழுதப்போறா? அதுவும் மகன் ரொறன்ரோவில் இருந்தால் எந்தச் சபையின் கடிதம் அவனைத் தொடும்?

2012 முதல் 70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபா முதியோர் கொடுப்பனவு வந்தது. பிறகு 2,000, பிறகு 3,000, 2025இல் 5,000. தொகை கூடியது என்று சொல்லலாம். 2022இல் அரிசி விலை ஏறிய வேகத்தைக் கண்டவர்கள் அதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். 2023 யூலையில் அஸ்வெசும தொடங்கியபோது, ஏழையைக் கண்டுபிடிக்கிற வேலை விதானையாரின் கண்ணிலிருந்து 22 குறிகாட்டிகளுக்கு மாறியது. முகத்தாட்சண்யம் குறைந்தது நல்லதுதான். ஆனால் வெளிநாட்டுக் காசில் கட்டிய கல்வீட்டில் தனியே இருக்கிற, அந்தக் காசு நின்று பல வருடமான ஓர் அம்மம்மாவை எந்தப் புள்ளியில் போடுவது? வீடு பெரிது, அடுப்பு எரியவில்லை. விதானையாருக்கு அது தெரிந்திருக்கும். படிவத்துக்குத் தெரியாது.

இந்த மாற்றம் நடந்த நேரம் ஊரில் சபையும் இல்லை. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்கள்தான் சபைகளை நடத்தினார்கள். அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் போய்ச் சத்தம் போடுவதற்குக்கூட ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவர் கையை விரித்திருப்பார் என்பது வேறு விசயம். கொடுப்பனவு, முதியோர் சங்கம், அடையாள அட்டை எல்லாம் பிரதேச செயலகத்தின் வேலை. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு என்பதை எங்கள் வயதுக்காரரில் பாதிப் பேருக்கு விளங்கப்படுத்தவேண்டி இருக்கிறது. ஆச்சிமாருக்கு அது அலைந்து அலைந்து தெரியும்.

அப்படியென்றால் வாக்குப் போட்டு அனுப்புகிற சபையிடம் முதியோருக்கென்று என்னதான் மிச்சம்? நிறைய இருக்கிறது, ஆனால் அதை யாரும் முதியோர் சேவை என்று எண்ணுவதில்லை. சபைகள் நடத்துகிற இலவச ஆயுர்வேத, சித்த மருந்தகங்களின் வாங்கில் குந்தியிருப்பவர்கள் பெரும்பாலும் யார்? மூட்டுவலிக்கு எண்ணெய் வாங்க வந்த பெரியாக்கள். சபையில் பதிந்த சனசமூக நிலையத்தில் காலமை பேப்பருக்குக் காத்திருப்பது யார்? இளைப்பாறிய வாத்தியாரும், தோட்டத்துக்குத் தண்ணி இறைத்துவிட்டு வருகிற அப்புவும்தான். பேப்பர் வாசிப்பது சாட்டு. இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் ஒருவர் சைக்கிளில் போய் எட்டிப் பார்ப்பார். எந்தச் சட்டமும் எழுதாத பராமரிப்பு அது. பெண்களுக்கு அந்த வாங்கிலும் இடமில்லை. அவர்களுக்குக் கோயில் வீதியும் மாதர் சங்கமும். வீதி விளக்கு, மதகின் ஓரம், பொதுச் சந்தைக் கழிவறை எல்லாம் சபையின் வேலைகள். இருட்டில் விழுந்து இடுப்பு முறிகிற வயதுக்காரருக்கு அவை கொடுப்பனவைவிடக் குறைந்தவை இல்லை.

சபையின் பாதீடு ஒவ்வொரு வருடமும் மார்கழி முடிய முன்னர் நிறைவேற வேண்டும். சபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய் இருந்து பார்க்கலாம். கேட்ட கணக்கைத் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் சட்டம் இருக்கிறது. மருந்தகத்துக்கு எவ்வளவு, சனசமூக நிலையங்களுக்கு எவ்வளவு, மாலை ஆறு மணிக்குப் பிறகு எத்தனை ஒழுங்கைகள் இருட்டு என்று எங்கள் சபையிடம் கேட்டு எழுதப்போகிறோம். உங்கள் ஊர்க் கணக்கையும் எடுத்து அனுப்புங்கோ. லயத்தில் இருக்கிற நண்பர்கள், 2018க்குப் பிறகு சபைக் காசு உங்கள் வாசல் வரைக்கும் வந்ததா என்றும் சேர்த்து எழுதுங்கோ.